பச்சிளம் குழந்தையின் பெருந்தமனிச் சுருக்கம்: ஆபரேஷனுக்குப் பிறகு என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைக்குக் கோஆர்க்டேஷன் இருக்கிறது, ஆபரேஷன் வேண்டும் என்று சொன்னதும் வீட்டில் எல்லோரும் கேட்பது "பிழைச்சிடுமா?" என்பதைத்தான். இன்றைக்கு அதற்குப் பெரும்பாலும் நல்ல பதில் இருக்கிறது. ஆனால் ஆபரேஷனுக்கு முந்தைய சில நாட்களும் பிந்தைய பல வருடங்களும் பற்றி வீட்டில் யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. பலன் எப்படி அமையும் என்பதில் பெரும்பங்கு அந்த இரண்டுக்கும்தான். அதனால் இங்கே அவற்றுக்கு இடம் கூடுதலாகவே இருக்கும்.

கோஆர்க்டேஷன் என்றால் என்ன?

இதயத்திலிருந்து உடல் முழுவதற்கும் ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் பெருந்தமனி. அது மேலே எழும்பி, வளைந்து, தலைக்கும் கைகளுக்கும் கிளைகள் கொடுத்துவிட்டு, முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்கும். இடது கைக்கான கிளையைத் தாண்டியதும் வரும் இடத்தில் பெருந்தமனி பிறவியிலேயே இறுகியிருந்தால் அதுதான் கோஆர்க்டேஷன். இறுக்கத்துக்கு மேலே, தலையிலும் கைகளிலும் ரத்த அழுத்தம் ஏறும். கீழே குடல், சிறுநீரகம், கால்களுக்கு ரத்தம் போதாமல் போகும்.

அமெரிக்கக் கணக்குப்படி சுமார் 1,800 குழந்தைகளில் ஒன்றுக்கு இது இருக்கிறது. ஆண் குழந்தைகளிடம் சற்று அதிகம். பல நேரம் இது தனியாக வருவதில்லை. மூன்று இதழ் இருக்க வேண்டிய பெருந்தமனி வால்வு இரண்டு இதழோடு இருப்பது ஏறத்தாழ பாதிப் பேருக்கு உண்டு. இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, பெருந்தமனி வளைவு முழுவதுமே சிறுத்திருப்பது, மைட்ரல் வால்வு (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள வால்வு) கோளாறு ஆகியவையும் சேர்ந்து வரலாம். "எங்க குழந்தைக்குக் கோஆர்க்டேஷன் மட்டும்தானா, கூட வேறு ஏதாவது இருக்கா?" என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கீழே வரும் எண்களில் உங்களுக்கு எது பொருந்தும் என்பதை அந்தப் பதில்தான் தீர்மானிக்கும்.

பிறந்தபோது நன்றாகத்தானே இருந்தது? டிஸ்சார்ஜ் ஆகி ஒரு வாரத்தில் எப்படி இப்படி ஆனது?

கருவில் இருக்கும்போது நுரையீரலுக்குப் போகவேண்டிய ரத்தத்தைப் பெருந்தமனிக்குத் திருப்பிவிட டக்டஸ் என்று ஒரு குறுக்குக் குழாய் உண்டு. அது சேரும் இடமும் சுருக்கம் இருக்கும் இடமும் பக்கத்துப் பக்கத்தில்தான். டக்டஸ் திறந்திருக்கும்வரை கீழ் உடலுக்கு ரத்தம் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். பிறந்த இரண்டு மூன்று நாளில் அது மூடத் தொடங்கும். சிலருக்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். மூடியதும் கீழே போகும் ரத்தம் சட்டென்று குறையும், இடது கீழறை திணறும்.

அப்போது குழந்தை பால் குடிக்காது, வேர்க்கும், மூச்சிரைக்கும், உடல் சாம்பல் நிறமாகும், சிறுநீர் குறையும். இதே அறிகுறிகள் ரத்தத்தில் கிருமி பரவும்போதும் வரும். அதனால் முதலில் "இன்ஃபெக்ஷன்" என்று ஆன்டிபயாடிக் ஏற்றுவது வழக்கம். அதைத் தவறு என்று சொல்ல முடியாது. கூடவே தொடை இடுக்கில் விரல் வைத்து நாடி துடிக்கிறதா என்று பார்க்காமல் விட்டால் அதுதான் தவறு. கையில் நாடி தெரிந்து, காலில் தெரியாமலோ மெலிந்தோ இருந்தால் அடுத்து எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன், எடுத்தே ஆகவேண்டும். கைக்கும் காலுக்கும் பிபி வித்தியாசம் 20 மி.மீ.க்கு மேல் இருந்தாலும் அப்படியே.

பிறந்த மறுநாள் ஆக்சிஜன் அளவு பார்த்தார்களே, நார்மல் என்றார்களே?

விரலில் மாட்டிப் பார்க்கும் அந்தச் சோதனை, உடல் நீலமாகும் வகை இதயக் கோளாறுகளைப் பிடிப்பதில் கெட்டி. கோஆர்க்டேஷன் அதன் கண்ணில் பல நேரம் படாது. காலுக்குப் போகும் ரத்தம் குறைவாக இருந்தாலும், போகிற ரத்தத்தில் ஆக்சிஜன் சரியாகவே இருக்கக்கூடும். அதனால் "ஸ்கிரீனிங் நார்மல்" என்ற சீட்டை நம்பித் தொடை நாடியை விட்டுவிடக் கூடாது.

கர்ப்பகால ஸ்கேனிலும் இதே தொல்லைதான். டக்டஸ் திறந்திருக்கும்போது சுருக்கம் தெளிவாகத் தெரியாது. வலது கீழறை பெரிதாகவும் இடது சிறிதாகவும் இருந்தால் சந்தேகம் எழுப்புவார்கள். அப்படிச் சந்தேகப்பட்ட குழந்தைகளில் பலருக்குப் பிறந்தபின் ஒன்றும் இருப்பதில்லை. வேறு சிலருக்கு ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் பிறந்தபின் தெரியவரும். சந்தேகம் என்று எழுதியிருந்தால், குழந்தை இதய மருத்துவர் இருக்கும் இடத்தில் பிரசவம் பார்த்து, டக்டஸ் மூடும்வரை குழந்தையை அங்கேயே வைத்துக் கவனிப்பதுதான் முறை.

உயிருக்கு ஆபத்து என்கிறார்கள். பிறகு ஏன் உடனே ஆபரேஷன் செய்யாமல் மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்?

ஏற்றுவது புரோஸ்டாகிளாண்டின். மூடும் டக்டஸை மறுபடி திறந்துவைக்கும் மருந்து. 1970களின் நடுவில் இது புழக்கத்துக்கு வந்த பிறகுதான் பச்சிளம் குழந்தைகளின் பெருந்தமனி ஆபரேஷன் நடுராத்திரி அவசரம் என்ற நிலையிலிருந்து திட்டமிட்டுச் செய்யும் ஒன்றாக மாறியது. கீழே ரத்தம் போகத் தொடங்கியதும் சிறுநீர் வரும், ரத்தத்தில் ஏறிய அமிலம் இறங்கும், கல்லீரலும் சிறுநீரகமும் மெல்லத் தேறும். இதற்கு ஓரிரு நாளோ சில நாட்களோ ஆகலாம். சிறுநீரகம் நின்று, ரத்தம் அமிலமாகிக் கிடக்கும் குழந்தையை அப்படியே மேசையில் ஏற்றுவதைவிடத் தேற்றி ஏற்றுவது பல மடங்கு பாதுகாப்பு. காத்திருக்கும் நேரம் வீண் போவதாக நினைக்க வேண்டாம், அதுவும் சிகிச்சைதான்.

இந்த மருந்து ஓடும்போது குழந்தைக்கு மூச்சு அவ்வப்போது நின்றுபோகலாம், காய்ச்சல் வரலாம், தோல் சிவக்கலாம். அதனால் மாவட்ட மருத்துவமனையிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு மாற்றும்போது மருந்தைத் தொடங்கிவிட்டு, செயற்கை மூச்சு கொடுக்க வசதியுள்ள ஆம்புலன்ஸில்தான் அனுப்ப வேண்டும். "அங்கே போய்ப் போட்டுக்கலாம்" என்று மருந்து இல்லாமல் ஆறு மணி நேரப் பயணத்தில் அனுப்புவது, ஆபரேஷனின் பலனை வழியிலேயே குறைத்துவிடும்.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

சுருக்கம் மட்டும் என்றால், இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே முதுகுப் பக்கமாகக் கீறி, விலா எலும்புகளுக்கு நடுவே உள்ளே போகிறார்கள். சுருங்கிய பகுதியையும் அதைச் சுற்றியுள்ள டக்டஸ் திசுவையும் வெட்டி எடுத்துவிட்டு, கீழ்ப்பகுதியை மேலே இழுத்து, பெருந்தமனி வளைவின் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் திறந்து தைக்கிறார்கள். அந்த இடத்தில் பிறந்த குழந்தையின் பெருந்தமனி சுமார் அரை சென்டிமீட்டர் அகலம்தான். ரத்த ஓட்டத்தைக் கவ்வியால் நிறுத்திவைக்கும் நேரம் பொதுவாக அரை மணிக்குள். அந்த நேரத்தில் தண்டுவடத்துக்குப் பாதிப்பு வராமலிருக்க உடலைக் கொஞ்சம் குளிர்வித்து வைப்பார்கள். இதயத்தை நிறுத்துவதில்லை, இதய-நுரையீரல் இயந்திரமும் தேவையில்லை.

வளைவு முழுவதும் சிறுத்திருந்தாலோ ஓட்டையையும் சேர்த்து அடைக்க வேண்டியிருந்தாலோ நடு நெஞ்சைத் திறந்து, இயந்திரத்தின் துணையோடு செய்வார்கள். அது பெரிய ஆபரேஷன். இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பக்கத்துப் படுக்கைக் குழந்தையோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம்.

இடது கைக்குப் போகும் தமனியை மடக்கி ஒட்டாகப் பயன்படுத்தும் முறை 1966-ல் வந்தது. இன்றைக்குக் குறைவாகச் செய்கிறார்கள். செயற்கைத் துணியால் ஒட்டுப் போட்டு அகலப்படுத்தும் முறையில் வருடங்கள் கழித்து அந்த இடம் பலூன்போல வீங்குவது தெரியவந்ததால், குழந்தைகளுக்கு அது பெரும்பாலும் கைவிடப்பட்டது.

கத்தி வைக்காமல் பலூன் போட்டு விரிக்க முடியாதா?

பெரிய குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் பலூனும், குழாயை விரிந்தபடியே பிடித்துவைக்கும் கம்பி வலையான ஸ்டென்டும் நல்ல வழி. பச்சிளம் குழந்தைக்கு முதல் சிகிச்சையாக அது சரிவருவதில்லை. பலூன் டக்டஸ் திசுவை விரிக்குமே தவிர அகற்றாது. அந்தத் திசு மறுபடி இறுகிவிடும். இந்த வயதில் பலூன் மட்டும் போட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் திரும்பச் சுருங்கியதாக ஆய்வுகள் சொல்கின்றன. தொடையில் உள்ள மெல்லிய தமனி சேதமாகும் வாய்ப்பும் உண்டு. ஸ்டென்ட் குழந்தையோடு வளராது. ஆபரேஷனைத் தாங்கவே முடியாத நிலையில் இருக்கும் குழந்தைக்குச் சில வாரம் தள்ளிப்போட பலூன் போடுவது உண்டு. அது நியாயமான முடிவுதான்.

சரி, பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு?

அமெரிக்க நெஞ்சறுவை மருத்துவர்கள் சங்கத்தின் தரவுத்தொகுப்பில் 2006 முதல் 2010 வரை நடந்த 5,025 கோஆர்க்டேஷன் ஆபரேஷன்களை எடுத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் இறப்பு 2.4 சதவீதம். பிரித்துப் பார்த்தால் படம் தெளிவாகிறது. சுருக்கமோ சிறுத்த வளைவோ மட்டும் உள்ளவர்களில் 1 சதவீதம். கீழறை ஓட்டையும் சேர்ந்தவர்களில் 2.5 சதவீதம். வேறு பெரிய இதயக் கோளாறுகளும் உள்ளவர்களில் 4.8 சதவீதம். அதாவது, தனிச் சுருக்கம் என்றால் நூற்றில் 99 பேர் வீட்டுக்குப் போகிறார்கள்.

இந்த எண்களை அப்படியே எடுத்து நம் ஊரில் ஒட்டிவிட முடியாது. குழந்தை எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்பதுதான் இங்கே பெரிய வேறுபாடு. நல்ல கைகள் நம்மிடமும் இருக்கின்றன. ஆனால் இரண்டு வாரம் தாமதமாக, கிருமித் தொற்றோடும் நின்றுபோன சிறுநீரகத்தோடும் வரும் குழந்தைக்கு அந்தக் கைகள் மட்டும் போதாது. மருத்துவமனையைப் பற்றி விசாரிக்கும்போது "உங்க சக்சஸ் ரேட் என்ன?" என்று பொதுவாகக் கேட்காமல், ஒரு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு வருடத்தில் எத்தனை இதய ஆபரேஷன் செய்கிறார்கள், பச்சிளம் குழந்தைகளுக்கென்று தனி இதய ஐசியு இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

யாருக்கு ஆபத்து கூடுதல்?

எடை 2 கிலோவுக்குக் குறைவானவர்கள், குறைமாதத்தில் பிறந்தவர்கள், அதிர்ச்சி நிலையில் (உடலுக்கு ரத்த ஓட்டம் போதாமல் துவண்டு) வந்தவர்கள், வளைவு சிறுத்தவர்கள், இடது இதயத்தின் பல பகுதிகளும் ஒருசேரச் சிறுத்தவர்கள். எக்கோவில் இதயம் பலவீனமாகத் துடிப்பதாகச் சொன்னால் பயம் வரும். சுருக்கத்தால் வந்த பலவீனம் என்றால், தடை நீங்கியதும் சில வாரங்களில் அது பெரும்பாலும் தேறிவிடுகிறது.

ஆபரேஷன் முடிந்ததும் பிபி ஏறிவிட்டது என்கிறார்கள். தடையை எடுத்த பிறகுமா?

ஆமாம், இது எதிர்பார்ப்பதுதான். இத்தனை நாள் தடைக்கு எதிராகத் தள்ளிப் பழகிய உடல், முதல் சில நாட்கள் அதே வேகத்தில் ஓடும். நரம்பு வழி மருந்து கொடுத்து இறக்குவார்கள், பிறகு வாய்வழி மருந்துக்கு மாற்றுவார்கள். பால் தொடங்குவதையும் ஓரிரு நாள் தள்ளிப்போடலாம். குறைந்த ரத்தத்துக்குப் பழகிய குடலுக்குத் திடீரென்று முழு அழுத்தத்தில் ரத்தம் போகும்போது வயிறு உப்புவதும் வலிப்பதும் நேரலாம். அம்மா அதுவரை பாலைப் பீய்ச்சி வைத்துக்கொண்டே இருந்தால் சுரப்பு நிற்காது. சிக்கல் இல்லாத குழந்தை பொதுவாக ஒன்று, ஒன்றரை வாரத்தில் வீடு திரும்பும்.

என்னென்ன சிக்கல்கள் வரலாம்?

ரத்தக்கசிவு, தொற்று எந்த ஆபரேஷனுக்கும் பொது. இந்த இடத்துக்கே உரியவை வேறு. குரல்நாணுக்குப் போகும் நரம்பு டக்டஸைச் சுற்றித்தான் போகிறது. அது இழுபட்டால் அழுகை கரகரப்பாகவும் மெல்லியதாகவும் இருக்கும், பால் புரையேறும். பெரும்பாலும் மாதங்களில் சரியாகும். அதுவரை பால் கொடுக்கும் முறையைச் சொல்லிக் கொடுப்பார்கள். மூச்சுவிட உதவும் உதரவிதானத் தசைக்குப் போகும் நரம்பு பாதித்தால் வென்டிலேட்டரிலிருந்து எடுப்பது தாமதமாகும்.

நெஞ்சில் வைத்த குழாயில் வெள்ளையாகப் பால்போல வந்தால் அது நிணநீர்க் கசிவு. பால் குடிக்கத் தொடங்கிய பிறகுதான் இது பெரும்பாலும் தெரியவரும். சில வாரங்கள் தாய்ப்பாலை நிறுத்தி, சிறப்புக் கொழுப்பு மட்டும் உள்ள பால்மாவு கொடுப்பார்கள். இது நீண்டால் எல்லோருக்கும் அலுப்புத் தட்டும், ஆனால் பெரும்பாலும் மருந்தும் உணவும் கொண்டே அடங்கிவிடும்.

பெற்றோர் இணையத்தில் படித்து மிரண்டுபோவது இரு கால்களும் செயலிழப்பதைப் பற்றி. 12,532 ஆபரேஷன்களைத் தொகுத்த 1972-ஆம் ஆண்டு அறிக்கையில் 51 பேருக்கு, அதாவது 0.41 சதவீதம் பேருக்கு அது நேர்ந்திருந்தது. எல்லா வயதினரும் சேர்ந்த கணக்கு அது. பச்சிளம் குழந்தைகளிடம் அதைவிடவும் அரிது.

வீட்டுக்கு வந்தபின் எதைக் கவனிக்க வேண்டும்?

மருந்தின் அளவை முதலில். குழந்தைகளுக்கான பிபி மருந்து பல நேரம் சிரப்பாகக் கிடைக்காது. மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து, இத்தனை மில்லி என்று சிரிஞ்சில் அளந்து கொடுக்கச் சொல்வார்கள். டிஸ்சார்ஜ் ஆகும் முன் செவிலியர் முன்னால் நீங்களே ஒருமுறை கரைத்துக் காட்டுங்கள். வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும்.

அப்புறம், குளியல். பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்து, கையைப் பிடித்துத் தூக்கி உதறுவது இப்போது வேண்டாம். விலாவுக்கு நடுவே போட்ட தையலும் நடு நெஞ்சு எலும்பும் ஆற வாரங்கள் ஆகும். அக்குளில் கைவிட்டுத் தூக்காமல், கழுத்துக்கும் பிட்டத்துக்கும் அடியில் கை கொடுத்து ஏந்துங்கள். காயத்தில் எண்ணெய், மஞ்சள், பவுடர் எதுவும் படக்கூடாது. பாட்டிக்கு வருத்தமாகத்தான் இருக்கும். மருத்துவர் வாயால் சொல்லவைத்தால் வீட்டில் சண்டை வராது.

பால் குடிக்க வழக்கத்தைவிட நீண்ட நேரம் எடுப்பது, குடிக்கும்போது நெற்றி வேர்ப்பது, மூச்சு வேகமாவது, எடை ஏறாதது, காயம் சிவந்து நீர் கசிவது, காய்ச்சல் ஆகியவற்றில் எதுவானாலும் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் போய்விடுங்கள். தடுப்பூசி அட்டவணையை மருத்துவரிடம் கேட்டுத் தொடருங்கள். ரத்தம் ஏற்றியிருந்தால் தட்டம்மை போன்ற சில ஊசிகளைத் தள்ளிப்போட வேண்டியிருக்கலாம்.

திரும்பச் சுருங்குமா?

சுருங்கலாம். பச்சிளம் வயதில் இன்றைய முறையில் ஆபரேஷன் செய்தவர்களில், மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபட்டாலும், பெரும்பாலான அறிக்கைகள் 5 முதல் 15 சதவீதம் என்கின்றன. பெரும்பாலும் முதல் வருடத்துக்குள்ளேயே தெரிந்துவிடும். எஞ்சிய டக்டஸ் திசு இறுகுவது, வளைவே சிறுத்திருப்பது, தையல் போட்ட இடம் குழந்தையின் வேகத்துக்கு வளராதது எல்லாம் காரணங்கள். எடை குறைவாக, வயது மிகக் குறைவாக இருந்தவர்களுக்கு வாய்ப்புக் கூடுதல்.

முதல் ஆபரேஷனுக்கு ஒத்துவராத பலூன் இங்கே நன்றாக வேலை செய்கிறது. டக்டஸ் திசு போய்விட்டது, தழும்பு மட்டும் இருக்கிறது. தழும்பைப் பலூன் விரித்தால் பெரும்பாலும் விரிந்த நிலையிலேயே நிற்கும். தொடை வழியாகச் செய்து, ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே திரும்பச் சுருங்கியது என்று கேட்டதும் முதல் ஆபரேஷன் தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம்.

ஆனால் கண்டுபிடித்தால்தான் விரிக்க முடியும். முதல் வருடத்தில் குழந்தை நன்றாகக் குடித்து, சிரித்து, தவழும்போது "நல்லாத்தானே இருக்கான், எதுக்கு அவ்வளவு தூரம் அலையணும்" என்று தோன்றும். இந்த ஒரு வருடம் மட்டும் அலைச்சலைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் கை, கால் இரண்டிலும் பிபி பார்க்கிறார்களா என்றும் கவனியுங்கள்.

சுருக்கம் சரியாகிவிட்டால் பிபி பிரச்சினையும் முடிந்ததுதானே?

பலருக்கு முடியும். எல்லோருக்கும் இல்லை. சிறுவயதில் ஆபரேஷன் செய்தவர்களைப் பெரியவர்கள் ஆகும்வரை தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. தைத்த இடத்தில் ஒரு தடையும் இல்லாதவர்களும் அதில் உண்டு. சுருக்கத்துக்கு மேலே உள்ள ரத்தக்குழாய்ச் சுவர் பிறவியிலேயே கொஞ்சம் விறைப்பானது. அழுத்தத்தை அளந்து மூளைக்குச் சொல்லும் உணர்விகளும் உயர்ந்த அளவுக்குப் பழகியவை. சீக்கிரம் ஆபரேஷன் செய்தால் ஆபத்து குறைகிறது, முழுவதும் நீங்குவதில்லை.

இதில் ஏமாற்று வேலை ஒன்று உண்டு. மருத்துவர் அறையில் உட்காரவைத்துப் பார்த்தால் நார்மலாக இருக்கும். ஓடியாடும்போதும் தூங்கும்போதும் ஏறியிருக்கும். அதனால் பள்ளி வயதிலிருந்து அவ்வப்போது 24 மணி நேரமும் அளக்கும் கருவியை மாட்டிப் பார்ப்பது நல்லது. தலைவலியோ மயக்கமோ வரட்டும் என்று காத்திருந்தால், அதற்குள் இதயத் தசை தடித்திருக்கும்.

எந்தக் கையில் பிபி பார்க்க வேண்டும்?

வலது கையில். இடது கையின் தமனி சுருக்கத்தின் பக்கத்தில் கிளம்புகிறது. சிலருக்கு அதையே ஒட்டாகப் பயன்படுத்தியிருப்பார்கள். அங்கே அளந்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். இடது கைத் தமனியை ஒட்டாக எடுத்த குழந்தைக்கு அந்தக் கை சற்று மெலிந்தோ குட்டையாகவோ இருக்கலாம், வேலைக்குத் தடையாக இருப்பது அரிது. வலது கைத் தமனியே இடம் மாறிக் கிளம்பும் குழந்தைகள் வெகு சிலர். அவர்களுக்கு எந்தக் கையை நம்பலாம் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு காலம் வாழ்வான்?

ஆபரேஷன் இல்லாத காலத்தில், குழந்தைப்பருவம் தாண்டியவர்களும் சராசரியாக 34 வயதில் இறந்தார்கள் என்று 1970-ல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. முதல் ஆபரேஷனை ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் 1944 அக்டோபரில் 12 வயதுச் சிறுவனுக்குச் செய்தார். அடுத்த வருடமே பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் செய்தார்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1946 முதல் 1981 வரை ஆபரேஷன் செய்துகொண்ட 646 பேரில், பத்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 91 சதவீதம், இருபதில் 84, முப்பதில் 72. இணையத்தில் இந்த எண்கள்தான் அதிகம் சுற்றுகின்றன. பார்த்துப் பயப்படும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இவர்கள் ஆபரேஷன் செய்துகொண்ட இடைநிலை வயது 16. அதற்குள் பதினைந்து வருட உயர் அழுத்தத்தில் இதயமும் குழாய்களும் அடிபட்டிருந்தன. எக்கோ இல்லாத காலத்தவரும், நல்ல பிபி மருந்து கிடைக்காத காலத்தவரும் இதில் உண்டு. உங்கள் கைக்குழந்தைக்கு இது ஜாதகம் இல்லை. இன்றைக்குப் பிறந்த மாதத்திலேயே சரிசெய்யப்படும் குழந்தைகளுக்கு இதைவிட நல்ல எதிர்காலத்தை நம்ப நியாயமான காரணம் இருக்கிறது.

அந்தப் பட்டியலில் பின்னாளில் இறந்தவர்களின் முதல் காரணம் இதயத் தமனி அடைப்பு, அதாவது மாரடைப்பு வகை. அதனால் உப்பு, எடை, புகை, கொழுப்பு எல்லாவற்றிலும் இந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கட்டுப்பாடாக இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் விஷயத்தில் வீடு முழுக்க மாறினால்தான் பிள்ளையும் மாறும்.

பெரியவர்களானபின் எதைச் சோதிக்க வேண்டும்?

தைத்த இடம் வீங்கியிருக்கிறதா, திரும்பச் சுருங்கியிருக்கிறதா என்று சில வருடங்களுக்கு ஒருமுறை எம்ஆர்ஐ அல்லது சிடி. இரண்டிதழ் வால்வு இருந்தால் அது கசிகிறதா, இறுகுகிறதா, அதற்கு மேலே பெருந்தமனி விரிகிறதா என்று எக்கோ. கோஆர்க்டேஷன் இருந்த பெரியவர்களில் பத்தில் ஒருவருக்கு மூளை ரத்தக்குழாயில் சிறு வீக்கம் காணப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் அது சிறியது, வெடிக்காமலே இருந்துவிடும். எல்லோருக்கும் அதைத் தேட வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடம் ஒரே கருத்து இல்லை. திடீரென்று இதுவரை வந்திராத கடும் தலைவலி வந்தால் மட்டும் தைலம் தேய்த்துப் படுக்கவைக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

விளையாடலாமா? படிப்பு?

பிபி சரியாக இருந்து, தடையும் வீக்கமும் இல்லையென்றால் ஓடலாம், நீந்தலாம், கிரிக்கெட் ஆடலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு பெரிய எடை தூக்குவது மட்டும் மருத்துவரைக் கேட்டுத்தான். "ஹார்ட் பேஷன்ட்" என்று பி.டி. வகுப்பில் மூலையில் உட்காரவைப்பதால் பிள்ளைக்கு நன்மை எதுவும் இல்லை. சுருக்கம் மட்டும் இருந்து பக்கவாட்டில் ஆபரேஷன் செய்த குழந்தைகள் பெரும்பாலும் மற்றவர்களைப்போலவே வளர்கிறார்கள். இயந்திரத்தோடு பெரிய ஆபரேஷன் செய்தவர்களுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் நடை, பேச்சு, கவனம் ஆகியவற்றை அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது.

பெண் குழந்தை என்றால் தனியாக ஏதாவது பார்க்க வேண்டுமா?

குரோமோசோம் சோதனை ஒன்று. டர்னர் நிலை (ஒரு எக்ஸ் குரோமோசோம் முழுவதுமோ பகுதியோ இல்லாத நிலை) உள்ள பெண் குழந்தைகளிடம் கோஆர்க்டேஷன் வழக்கத்தைவிட மிக அதிகம். வளர்ச்சி, பருவமடைதல் தொடர்பான சிகிச்சைக்கு அதை முன்கூட்டியே அறிவது உதவும். கல்யாணமும் பிரசவமும் பெரும்பாலான பெண்களுக்கு முடியாத காரியமே இல்லை. கர்ப்பம் தரிக்கும் முன்பே பெருந்தமனியைப் படமெடுத்து, பிபி மருந்தை மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சில பிபி மருந்துகள் கருவுக்கு ஆகாது. பெண் பார்க்க வருபவர்களிடம் தழும்பை மறைப்பதா என்ற கேள்வியும் வருகிறது. மறைத்துக் கட்டிக்கொடுத்தால், பிரசவத்தின்போது மருத்துவரிடமும் மறைக்க வேண்டிவரும். அதுதான் ஆபத்து.

யார் செய்த தவறு? அடுத்த குழந்தைக்கும் வருமா?

கிரகணத்தில் வெளியே போனதாலோ எதையோ சாப்பிட்டதாலோ வரவில்லை. கர்ப்பத்துக்கு முன்பே இருந்த, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் பொதுவாக இதயக் கோளாறுகளின் வாய்ப்பைக் கூட்டும். பெரும்பாலான குடும்பங்களில் எந்தக் காரணமும் காட்ட முடியாது. அடுத்த குழந்தைக்கு ஆபத்து சற்றுக் கூடும் என்றாலும் பெரும்பான்மையாக அந்தக் குழந்தை நலமாகவே பிறக்கும். கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் கருவுக்கு இதய எக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, அண்ணன், அக்கா எல்லோரும் ஒருமுறை எக்கோ பார்ப்பதும் வீண்போகாது. இரண்டிதழ் வால்வு குடும்பங்களில் ஓடுவது உண்டு.

செலவுக்கு என்ன வழி?

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பிறவி இதயக் கோளாறு ஆபரேஷன்கள் அடங்கும். அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் அதற்கென்று ஒரு மேசை இருக்கும். குழந்தைக்கு இன்னும் பெயரே வைக்கவில்லையே என்று தயங்க வேண்டாம், பெற்றோர் அட்டையோடு போய்க் கேளுங்கள். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின்படி 18 வயது வரையிலான பிள்ளைகளின் பிறவி இதயக் கோளாறுகளுக்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் வழியாக உதவி கிடைக்கும். இலங்கையில் கொழும்பு ரிட்ஜ்வே சீமாட்டி சிறுவர் மருத்துவமனை அரச மருத்துவமனை என்பதால் சிகிச்சை இலவசம்.

எந்தக் காகிதங்களைப் பத்திரப்படுத்த வேண்டும்?

டிஸ்சார்ஜ் சீட்டு மட்டும் போதாது. ஆபரேஷன் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வெட்டித் தைத்தார்களா, ஒட்டுப் போட்டார்களா, என்ன பொருளால், இடது கைத் தமனியைத் தொட்டார்களா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கூடவே கடைசி எக்கோ, டிஸ்சார்ஜ் நாளில் நான்கு கைகால்களிலும் எடுத்த பிபி, பலூன் போட்டிருந்தால் அதன் குறிப்பு, குரோமோசோம் முடிவு. எல்லாவற்றையும் போனில் படமெடுத்து இரண்டு பேரிடம் வைத்திருங்கள். பதினெட்டு வயதில் குழந்தைகள் மருத்துவரிடமிருந்து பெரியவர்களின் மருத்துவரிடம் மாறும்போது, புதியவர் கேட்கும் முதல் கேள்வி எந்த முறையில் ஆபரேஷன் செய்தார்கள் என்பதாகத்தான் இருக்கும். முதுகுத் தழும்பை மட்டும் பார்த்து அவரால் அதைச் சொல்லிவிட முடியாது.